கண்ணாடி போட்டும் தேறாத பார்வை: பரம்பரை மாக்குலா நோயைப் படங்களில் தேடும் முறை

போர்டு தெரியவில்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். பார்வை 6/24, அதாவது 24 மீட்டரில் தெரிய வேண்டிய எழுத்து 6 மீட்டரில்தான் தெரிகிறது. சிறு துளை வழியே பார்க்கும் பின்ஹோல் வைத்தாலும் அதே 6/24. கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரு வரிகூட ஏறவில்லை. கருவிழி தெளிவு, லென்ஸ் தெளிவு, விழித்திரையைப் பார்த்தாலும் கண்ணில் படும்படி ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் ‘நடிக்கிறான்’, ‘படிக்கச் சோம்பேறித்தனம்’ என்ற பட்டத்தோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களில் சிலருக்கு மாக்குலா அப்போதே பழுதாகத் தொடங்கியிருக்கும்.

இமேஜிங் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆப்டோமெட்ரி மாணவர்கள், டெக்னீஷியன்கள், கண் மருத்துவத்தில் முதல் வருட பி.ஜி. மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயின் பெயரை முடிவு செய்வது மருத்துவர். ஆனால் எந்தப் படத்தை எடுத்தோம், எந்த வரிசையில் எடுத்தோம், எந்த இடத்தை மையமாக வைத்தோம் என்பதைப் பொறுத்தே அவர் கையில் சரியான ஆதாரம் சேரும்.

எதைத் தேடுகிறோம்?

மாக்குலா என்பது விழித்திரையின் நடுவில் சுமார் 5.5 மி.மீ. அகலமுள்ள பகுதி. அதன் மையக் குழிதான் ஃபோவியா. எழுத்து, முகம், ஊசியின் காது எல்லாம் இங்கே நெருக்கமாக அடுக்கியிருக்கும் கூம்பு செல்களால்தான் தெரிகின்றன. இந்த இடத்தைப் பரம்பரையாகத் தாக்கும் நோய்கள் பல. புதியவர்கள் முதலில் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஸ்டார்கார்ட் நோயைச் சொல்வேன். இந்த வகை நோய்களில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது அதுதான். சுமார் 8,000 முதல் 10,000 பேரில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. ஜெர்மானியக் கண் மருத்துவர் கார்ல் ஸ்டார்கார்ட் 1909ல் இதை விவரித்தார். காரணமான ஏபிசிஏ4 மரபணு 1997ல்தான் பிடிபட்டது.

இந்த மரபணு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் படங்களைப் படிப்பது எளிதாகிவிடும். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் உள்ள வைட்டமின் ஏயின் ஒரு வடிவம் மாறி, உடனே அப்புறப்படுத்த வேண்டிய பொருளாக மிஞ்சுகிறது. அதை வெளியே தள்ளுவது ஏபிசிஏ4 புரதத்தின் வேலை. அந்தப் புரதம் சரியாக வேலை செய்யாவிட்டால் மிஞ்சியது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விழித்திரைக்கு அடியில் இருக்கும் ஆர்பிஇ என்ற நிறமிப் படலத்தில் லிப்போஃபசின் என்ற கழிவாகத் தேங்கும். நாளடைவில் அந்தப் படலம் நலிந்து, அதை நம்பியிருக்கும் கூம்பு செல்களும் மடிகின்றன. லிப்போஃபசினுக்கு இன்னொரு குணம் உண்டு: நீல ஒளி பட்டால் அது தானே ஒளிரும். நமக்குத் துப்புக் கொடுப்பது அந்த ஒளிர்வுதான்.

கேமராவுக்கு முன் கேள்விகள்

படம் எடுக்கும் அவசரத்தில் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பார்வை எப்போது குறையத் தொடங்கியது? வெயிலில் கண் கூசுகிறதா, அல்லது இருட்டில் தடுமாற்றமா? நிறங்கள் குழம்புகின்றனவா? பகல் வெளிச்சத்தில் அதிகச் சிரமம் என்றால் கூம்பு செல்களை முதலில் சந்தேகிக்கலாம். பெரியவராக இருந்தால் மூட்டுவாதத்துக்கோ லூபஸுக்கோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். அந்த மாத்திரையின் நச்சும் மாக்குலாவில் பரம்பரை நோயைப் போலவே வளையம் போடும்.

அப்புறம் குடும்பம். சொந்தத்தில் திருமணமா என்பதை நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் என்று உறவை விவரமாக எழுதுங்கள். ஸ்டார்கார்டில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகளும் சேர்ந்தால்தான் நோய் வரும். நெருங்கிய உறவில் அது சேரும் வாய்ப்பு அதிகம். தாயும் தந்தையும் நல்ல பார்வையோடு இருப்பார்கள். ‘எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே’ என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுப் பரம்பரை நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே திருமணம் தொடரும் குடும்பத்தில் தகப்பனுக்கும் மகளுக்கும் ஸ்டார்கார்ட் இருக்கக்கூடும். ஒரே பிரதி போதும் என்ற வகை நோய்போல அது தோன்றும்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் விதமும் முக்கியம். மாமியாரும் நாத்தனாரும் சூழ்ந்து நிற்க, ‘உங்க பக்கம் யாருக்காவது இருக்கா?’ என்று தாயிடம் கேட்டால் அது குற்றச்சாட்டாகவே அவர் காதில் விழும். பெற்றோர் இருவரையும் தனியாக உட்காரவைத்து, இரு பக்கத்தையும் ஒரே தொனியில் கேளுங்கள். மூன்று தலைமுறை வம்சப் படம் வரைந்து கோப்பில் வையுங்கள்.

எது முதலில், எது கடைசியில்?

வரிசை தவறினால் ஒரு பரிசோதனை இன்னொன்றைக் கெடுக்கும். விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் ஈஆர்ஜி அதே நாளில் இருந்தால், முடிந்தவரை அதை முதலில் முடித்துவிடுங்கள். பளிச்சிடும் படங்களுக்குப் பிறகுதான் செய்ய முடியும் என்றால், சாதாரண அறை வெளிச்சத்தில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, அதன் பின் 20 நிமிட இருட்டுப் பழக்கத்தைத் தொடங்க வேண்டும். கண் அழுத்தம் பார்க்க ஃபுளோரசின் சொட்டு விடுவதையும் படம் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கருவிழியில் தங்கும் அந்தச் சாயம் நாம் தேடும் ஒளிர்வோடு கலந்துவிடும். நரம்பு வழியாகச் சாயம் ஏற்றும் ஆஞ்சியோ தேவைப்பட்டால், அது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கண்ணின் பாப்பாவை (பியூப்பில்) விரிக்கும் முன் டார்ச் அடித்து முன்னறை ஆழத்தைப் பாருங்கள். ட்ரோபிகமைட் சொட்டு விட்டு 20 முதல் 30 நிமிடம் பொறுக்க வேண்டும். அரைகுறையாக விரிந்த கண்ணில், விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எப்படியோ வந்துவிடும். லிப்போஃபசினின் ஒளிர்வைப் பதியும் ஒளிர்வுப் படம் ஓரங்களில் இருண்டுபோய், நோயா நிழலா என்று புரியாமல் தவிக்க வைக்கும்.

கலர் படம்

இதை எடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. முற்றிய ஸ்டார்கார்டில் மாக்குலா சுத்தியலால் தட்டிய வெண்கலத் தட்டு மாதிரி மினுங்கும். சுற்றிலும் மீன்குஞ்சு வடிவில் வெளிர் மஞ்சள் திட்டுகள் சிதறிக் கிடக்கும். ஆரம்பத்தில் இது எதுவும் இருக்காது. ஃபோவியாவின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெண் குழந்தைக்குக் கலர் படம் மட்டும் எடுத்துவிட்டு, ‘இரு கண்களும் இயல்பு’ என்று குறிப்பு எழுதினேன். அன்று வெளியே நீண்ட வரிசை இருந்தது, பிள்ளையும் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருடம் கழித்து அவள் மறுபடி வந்தபோது எடுத்த ஒளிர்வுப் படத்தில் இரண்டு மாக்குலாவிலும் கருமை படர்ந்திருந்தது. இடைப்பட்ட அந்த வருடம் முழுவதும் வகுப்பில் கவனம் இல்லை என்று அவள் திட்டு வாங்கியதாக அம்மா சொன்னார். அன்று முதல், கண்ணாடியால் தேறாத பார்வை இரு கண்களிலும் இருந்தால் ஒளிர்வுப் படமும் ஓசிடியும் எடுக்காமல் ‘இயல்பு’ என்ற சொல்லை நான் எழுதுவதில்லை.

ஆட்டோஃபுளோரசன்ஸ்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1995ல் லேசர் ஸ்கேனர் கொண்டு இந்த ஒளிர்வைப் படமாக்கிக் காட்டிய பிறகு, பரம்பரை மாக்குலா நோய்களைப் பார்க்கும் விதமே மாறியது. எந்தச் சாயமும் ஏற்ற வேண்டியதில்லை. 488 நானோமீட்டர் நீல ஒளியை அனுப்பி, லிப்போஃபசினிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பதிவு செய்கிறோம். ஒளிர்வு மிக மங்கலானது என்பதால் கருவி பல பிரேம்களை எடுத்துச் சராசரி போட்டு ஒரே படமாக்கும்.

நீல ஒளி கூசும். ஏற்கெனவே வெளிச்சம் தாங்காத பிள்ளைக்கு அது பெரிய தொல்லை. முதலில் அகச்சிவப்பில் வைத்து ஃபோகஸையும் மையத்தையும் சரி செய்துவிடுங்கள். அதில் கூச்சம் இருக்காது. எல்லாம் தயாரானதும் ‘இப்போ நீல விளக்கு வரும், பத்து எண்ணுவோம்’ என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள். நடுவில் கண் சிமிட்டச் சொல்லுங்கள். காய்ந்த கருவிழி படத்தைப் புகைமூட்டமாக்கிவிடும். இந்த நோயில் தேவைக்கு மேல் ஒளியைப் பாய்ச்சாமல் இருப்பதே நல்லது. ஒன்றுக்கு நாலு படம் என்று எடுக்காமல், ஒரு கண்ணுக்கு ஒரு நல்ல படத்தோடு நிறுத்துங்கள்.

படிக்கும்போது முதலில் இயல்பான படம் எப்படி இருக்கும் என்பது மனதில் பதிந்திருக்க வேண்டும். பார்வை நரம்பு தொடங்கும் வட்டமான டிஸ்க் கருப்பு, ஏனென்றால் அங்கே ஆர்பிஇ இல்லை. ரத்தக் குழாய்கள் கருப்பு. ஃபோவியாவும் கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். அங்குள்ள மஞ்சள் நிறமி நீல ஒளியை உறிஞ்சிவிடுகிறது. இதைப் பார்த்து நோய் என்று பயந்துவிடும் புதியவர்கள் நிறையப் பேர். மற்ற இடமெல்லாம் சீரான சாம்பல் நிறம்.

ஸ்டார்கார்டில் நான் பார்க்கும் வரிசை இது. மையத்தில் கருமை கூடியிருக்கிறதா, அதன் விளிம்பு தெளிவாக வெட்டியதுபோல் இருக்கிறதா? கன்னங்கரேல் என்று கூரிய விளிம்போடு இருந்தால் அங்கே படலம் செத்துவிட்டது. மங்கலான கருமை என்றால் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. அடுத்து, சுற்றிலும் பளிச்சென்ற திட்டுகள் உண்டா? அவை லிப்போஃபசின் நிறைந்தவை. காலப்போக்கில் பளிச்சிட்ட திட்டு கருத்துப்போகும், புதிய திட்டுகள் வெளிப்புறமாகத் தோன்றும். மூன்றாவதாக, டிஸ்க்கைச் சுற்றிய வளையம். மாக்குலா சிதைந்திருந்தும் டிஸ்க்கை ஒட்டிய பகுதி மட்டும் சீரான சாம்பலாகத் தப்பித்திருந்தால், அது ஸ்டார்கார்டுக்குச் சாதகமான வலுவான அடையாளம். எல்லோரிடமும் இது இருக்காது, முற்றிய நிலையில் மறையவும் கூடும். ஆனாலும் இருக்கும்போது பல சந்தேகங்களைத் தீர்க்கும். ஆகவே படத்தில் டிஸ்க் முழுவதுமாக வர வேண்டும். மாக்குலாவை மட்டும் நடுவில் வைத்து டிஸ்க்கைப் பாதியில் வெட்டிய படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கடைசியாக இரண்டு கண்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பரம்பரை நோய் பெரும்பாலும் இரு கண்ணிலும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருக்கும்.

ஓசிடி: மையத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்

1991ல் அறிமுகமான ஓசிடி இன்று சிறிய ஊர்களின் கண் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் அடுக்கடுக்காகக் காட்டும். பரம்பரை மாக்குலா நோயில் அதை எடுக்கும்போது எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. நடுப்பார்வை போன பிள்ளை ஃபோவியாவை விட்டு, நன்றாக இருக்கும் வேறொரு இடத்தால் பார்க்கப் பழகியிருக்கும். ஸ்டார்கார்டில் அது பெரும்பாலும் சிதைவுக்கு மேலே உள்ள விழித்திரை. ‘நட்சத்திரத்தைப் பார்’ என்றால் பிள்ளை அந்த இடத்தால் பார்க்கும். ஸ்கேன் ஃபோவியாவைத் தாண்டி மேலே விழும். அறிக்கையில் மாக்குலா தடிமன் இயல்பு என்று பச்சை நிறம் வந்துவிடும்.

கருவி சொல்லும் மையத்தை நம்பாதீர்கள். டிஸ்க்கின் நடுவிலிருந்து காதுப் பக்கமாகச் சுமார் 4 மி.மீ. தள்ளி, கொஞ்சம் கீழே பாருங்கள். ஃபோவியா அங்கேதான் இருக்கும். அதன் மேலும் கீழும் நன்றாகக் கடக்கும்படி நெருக்கமான கோடுகளில் வால்யூம் ஸ்கேன் எடுங்கள். குழி எந்தக் கோட்டில் ஆழமாக இருக்கிறதோ அதுவே மையக் கோடு.

அந்தக் கோட்டில் தடிமன் எண்ணை விட அடுக்குகளைப் பாருங்கள். ஆர்பிஇக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு ஓடும். எலிப்ஸாய்ட் ஜோன் என்பார்கள். கூம்பு செல்கள் ஆரோக்கியமாக இருப்பதற்கு அதுதான் சாட்சி. அது ஃபோவியாவில் அறுந்திருக்கிறதா, புகைந்திருக்கிறதா, வெற்றிடமாக இருக்கிறதா? எத்தனை மைக்ரான் நீளத்துக்கு இல்லை என்பதை அளந்து குறியுங்கள். சிறு பிள்ளைகளில் இதற்கும் முன்பே ஒரு தடயம் கிடைக்கலாம்: எலிப்ஸாய்ட் கோட்டுக்கு மேலே இருக்கும் மெல்லிய வெளி எல்லைச் சவ்வு, ஃபோவியாவில் வழக்கத்தை விடத் தடித்துத் தெரியும். கலர் படத்தில் எதுவும் தெரியாத கட்டத்தில் இது கைகொடுக்கும்.

வேறு என்னவெல்லாம் இருக்கலாம்?

ஃபோவியாவில் மஞ்சள் உருண்டை இருந்தால் பெஸ்ட் என்ற இன்னொரு பரம்பரை மாக்குலா நோயை நினையுங்கள். புத்தகங்கள் முட்டைக் கரு என்று வர்ணிக்கும். நம் ஊர் ஆஃப்பாயிலை நினைத்துக்கொண்டால் மறக்காது. உருண்டை உடைந்தபின் பொடிமாஸ் போலக் கலைந்து கிடக்கும். ஒளிர்வுப் படத்தில் அந்த மஞ்சள் பொருள் பளபளக்கும். ஆச்சரியமாக, உருண்டை முழுதாக இருக்கும்வரை பார்வை ஓரளவு நன்றாகவே இருக்கும். ஓசிடியில் விழித்திரைக்கு அடியில் படிவமும் நீரும் தெரியும். அதைப் பார்த்து வேறு நோய் என்று ஊசி போட்டுக்கொண்டே போனவர்களின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே முடிவு செய்ய உதவுவது, இருட்டிலும் வெளிச்சத்திலும் கண்ணின் மின்னழுத்தத்தை அளக்கும் ஈஓஜி. பெஸ்ட் நோயில் ஈஆர்ஜி இயல்பாக இருக்க, ஈஓஜியின் ஆர்டன் விகிதம் (வெளிச்ச அளவை இருட்டு அளவால் வகுத்தது) பொதுவாக 1.5க்குக் கீழே இறங்கியிருக்கும். ஆனால் புதிய ரத்தக் குழாய் முளைத்திருந்தால் ஊசி உண்மையிலேயே தேவை. சாயம் ஏற்றாமலே ரத்தக் குழாய்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோவில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆண் பிள்ளை, ஃபோவியாவைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரம்போலக் கோடுகள் என்றால் தாய் வழியாக மகனுக்கு வரும் எக்ஸ் இணைப்பு ரெட்டினோஸ்கைசிஸ். ஓசிடியில் உள் அடுக்குகள் பிளந்து குமிழ் குமிழாக இருக்கும். நீர்கோத்த மாக்குலா என்று தவறாக நினைப்பது சுலபம். சாயம் ஏற்றினால் இதில் கசிவு இருக்காது. தாய்வழி மாமாவுக்குப் பார்வை எப்படி என்று கேட்பது இங்கே பலன் தரும்.

எல்லாப் படமும் இயல்பாக இருந்தும் பார்வை மட்டும் குறைந்திருந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, பார்வை நரம்பு: பாப்பாவின் அசைவையும் நிற உணர்வையும் டிஸ்க்கின் வெளுப்பையும் மறுபடி பாருங்கள். இன்னொன்று, ஜப்பானில் மியாகே 1989ல் விவரித்த மறைந்திருக்கும் மாக்குலா நோய். கலர் படமும் ஒளிர்வுப் படமும் இயல்பாகத் தோன்றும், முழு ஈஆர்ஜியும் இயல்பு. மையத்தை மட்டும் தனியே சோதிக்கும் மல்ட்டிஃபோக்கல் ஈஆர்ஜியில்தான் அது சிக்கும்.

ஸ்டார்கார்டில் ஈஆர்ஜி எதற்கு என்று கேட்பார்கள். எதிர்காலத்தைச் சொல்ல. கோளாறு மாக்குலாவோடு நின்றிருந்தால் முழு ஈஆர்ஜி இயல்பாக இருக்கும், நோய் மெதுவாகப் போகும் வாய்ப்பு அதிகம். கூம்புகளும், இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களும் சேர்ந்து பரவலாகக் குறைந்திருந்தால் ஓரப் பார்வைக்கும் ஆபத்து.

சாய ஆஞ்சியோவில் பின்னணி இருண்டு தெரிவதை முன்பு ஸ்டார்கார்டின் முத்திரையாகச் சொல்வார்கள். ஒளிர்வுப் படம் இருக்கும்போது அதற்காகப் பிள்ளைக்கு ஊசி குத்த வேண்டியதில்லை.

படத்திலிருந்து மரபணுவுக்கு

கூடப் பிறந்தவர்களையும் பெற்றோரையும் அதே நாளில் கேமரா முன் உட்கார வையுங்கள். புகார் எதுவும் இல்லாத தங்கையின் ஒளிர்வுப் படத்தில் முதல் திட்டுகள் தெரிந்ததுண்டு. பெஸ்ட் நோயில் நல்ல பார்வையுள்ள தகப்பனின் ஈஓஜி குறைந்திருந்து, எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்போது படங்களின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஏபிசிஏ4 பெரிய மரபணு, 50 எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் துண்டுகள்) கொண்டது. அதில் அர்த்தம் தெளியாத மாற்றங்களும் கிடைக்கும். டிஸ்க்கைச் சுற்றிய பகுதி தப்பியிருக்கிறது, திட்டுகள் உள்ளன என்ற குறிப்பு, கிடைத்த மாற்றம்தான் காரணமா என்று எடைபோட உதவும். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்திலும் கண் மரபணு ஆய்வுத் துறைகள் உண்டு. முடிவு வந்தபின் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பைச் சரியாகச் சொல்ல முடியும்: ஸ்டார்கார்டில், பெற்றோர் இருவரும் நோயில்லாமல் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீதம், பெஸ்ட் நோயில், பெற்றோரில் ஒருவரிடம் பழுது இருந்தால், 50.

வீட்டுக்கு அனுப்பும் முன்

பெயர் உறுதியானதும் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன சாப்பிடக் கொடுக்கட்டும்?’ கேரட், பொன்னாங்கண்ணி, மீன் எல்லாம் வழக்கமான சாப்பாட்டில் இருக்கட்டும். ஸ்டார்கார்ட் பிள்ளைக்கு வைட்டமின் ஏ மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிகையும் கண்ணுக்கு நல்லது என்று வாங்கிக் கொடுக்கக் கூடாது. தேங்கும் கழிவுக்கு வைட்டமின் ஏதான் மூலப்பொருள். இதைத் தாளில் எழுதியே கொடுங்கள், ஏனென்றால் கடைக்காரரும் உறவினரும் நேர்மாறாகச் சொல்வார்கள். வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். முழுக் குருடாகிவிடுவானா என்று கேட்டால், ஸ்டார்கார்டில் பொதுவாக நடுப்பார்வைதான் குறையும், நடமாடும் பார்வை பெரும்பாலும் நிற்கும் என்று சொல்லலாம். உருப்பெருக்கி, பெரிய எழுத்துப் புத்தகம், தேர்வில் கூடுதல் நேரம், அதற்கான சான்றிதழ் ஆகியவற்றுக்கு லோ விஷன் பிரிவுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். மரபணு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த வருடம் அதே பிள்ளை வரும்போது அதே கருவி, அதே ஒளி அலைநீளம், அதே கோணம். பழைய ஸ்கேனையே மேற்கோளாக வைத்துத் தொடர் படம் எடுக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள். கருமையின் பரப்பு எத்தனை சதுர மி.மீ. கூடியது என்று அளந்து, தேதியோடு போன வருடத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மருந்துச் சோதனைகளில் பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கும் நாள் வந்தால், அந்த எண்களைத்தான் முதலில் கேட்பார்கள்.